மூணாவது கண்ணாடி

— பைய இழு தம்பி, பைய. அவசரப்பட்டா கம்பி அந்துரும்.

— பையத்தாங்க்கா இழுக்குறேன். வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற நீங்க விட்டாத்தான இங்கிட்டு வரும்.

— நான் எப்பவோ விட்டுட்டேன். பசைதான் விடமாட்டேங்குது. பாண்டீஸ்வரி ஒட்டுன கண்ணாடிய அறுத்தெடுக்க பாண்டீஸ்வரியே தெணற வேண்டியிருக்கு பாரு. ம், கீழ் மூலை வந்துருச்சு. இப்ப அப்படியே மேல போ.

— கை எரியுதுக்கா.

— ரேஸ் ஓட்டுற கை ஒரு கம்பிக்கு எரியுதா? துண்டைச் சுத்திக்கிட்டு இழு. எனக்கு ஒரு சந்தேகம் ராஜகுரு. கேக்குறேன்னு தப்பா நினைக்காத.

— கேளுங்க. சந்தேகம் கேக்காம நீங்க என்னிக்குக் கண்ணாடி மாட்டியிருக்கீங்க.

— இது எத்தனாவது?

— மூணாவது.

— ஒரே வருசத்துல.

— ஆமா. நேரம் சரியில்ல, என்ன செய்ய.

— திருநகர்ல இந்தக் கடை போட்டு பதினோரு வருசமாச்சு. ஜல்லி லாரி, மணல் லாரி, ஆம்னி பஸ்ஸுன்னு எம்புட்டோ மாட்டியிருக்கேன். ஜல்லி லாரி பின்னாடியே நாள் பூராம் போறவன்கூட வருசத்துக்கு மூணு உடைச்சதில்ல. வருசத்துல பத்து மாசம் ஷெட்டுக்குள்ள போர்வை போத்தி நிக்கிற வண்டி இது. இதுக்கு மூணு!

— ஆக்சுவலா, ரேஸ் வண்டின்னா அப்படித்தாங்க்கா. ட்ரையல் பாக்க வெளிய எடுப்போம்ல. நேத்து வெள்ளன ரிங் ரோட்டுல எடுத்தேன். வண்டியூர் தாண்டி ஒரு டிப்பர் முன்னாடி போச்சு. டயர்லேர்ந்து கல்லு தெறிச்சிருச்சு.

— கல்லு.

— கல்லுதான்.

— சரி, புடி. இந்தப் பக்கமும் அறுந்துருச்சு. நான் உள்ளேயிருந்து தள்ளுறேன், நீ தாங்கு. தூக்கு, தூக்கு. படுக்கப் போடாத, சாக்கு மேல சாச்சு வை. இரு, நானும் இறங்கி வாரேன்.

— வெயிட்டு இருக்குக்கா. பன்னெண்டு கிலோ இருக்குமா?

— கிட்டத்தட்ட இருக்கும். இப்ப இங்கிட்டு வா. இதத் தூக்கிப் பாரு.

— என்னது இது? பேப்பர் ஒட்டியிருக்கு.

— ஒரு கையால தூக்கு.

— இம்புட்டு லேசா இருக்கு! கண்ணாடியா இது?

— பாலிகார்பனேட்டு. போன தடவ உடைஞ்ச உன் கண்ணாடிய நான் தூக்கிப் போடல, அளவுக்கு வச்சிருந்தேன். நேத்து நீ போன் பண்ண உடனே அத வச்சு வரைஞ்சு, ராத்திரிக்குள்ள வெட்டிட்டேன். கண்ணாடியில பாதி வெயிட்டுத்தான். உங்க ரேஸுல ரெண்டுல எது வேணாலும் மாட்டலாம்னு ரூல் இருக்குன்னு நீதான ஒருக்க சொன்ன?

— சொன்னேன். ஆனா இது ப்ளாஸ்டிக்குல்ல.

— ப்ளாஸ்டிக்குதான். இந்தா, வெட்டுனதுல மிஞ்சுன துண்டு. அந்தக் கல்லு மேல வை. இந்தா சுத்தியல். அடி.

— எதுக்குக்கா?

— அட அடிடா. உனக்குத் தெரிய வேணாமா? ம், அப்படியில்ல. நல்லா ஓங்கி அடி. இன்னொருக்க. பாத்தியா? தொம்முன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். பொட்டு வச்ச மாதிரி ஒரு தடம் இருக்கு, வேற ஒண்ணுமில்ல. டிப்பரே கவுந்து கொட்டுனாலும் இது உடையாது.

— உடையவே உடையாதா?

— வளையும், உடையாது. என்ன தம்பி, இம்புட்டு நல்ல செய்தி சொல்றேன், நீ இழவு வீட்டுக்குப் போற மாதிரி நிக்கிற?

— அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கீறல் விழுகுமாமே இதுல?

— விழுகும். அத ஒத்துக்கிறேன். வைப்பர் மண்ணோட சேர்த்துத் தேச்சா கோடு கோடா விழும். காஞ்ச துணியால தொடைக்கக் கூடாது, பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது. தண்ணி ஊத்தி, சோப்புப் போட்டு, பஞ்சு மாதிரி துணியால எடுக்கணும். மொத மொத நான் இத மாட்டுனது சமயநல்லூர் பக்கம் ஒருத்தருக்கு. உக்கிரபாண்டின்னு பேரு, மண்ணு ரோட்டுல ஓட்டுற ரேஸுக்காரரு. மாட்டி முடிச்ச உடனே, புது வண்டிக்குச் செய்யுற மாதிரி திருநீற அள்ளி முன்கண்ணாடியில மூணு பட்டை போட்டாரு. அது காஞ்சதும் துண்டால அழுத்தித் தொடைச்சாரு. திருநீறு போச்சு, பட்டை போகல. இன்னிக்கும் அந்த வண்டி பட்டையோடதான் ஓடுது. வெயிலு எதுத்தாப்புல அடிச்சா மூணு கோடும் பளபளன்னு மின்னுமாம். சாமியப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன்னு சொல்லிச் சிரிப்பாரு.

— பாத்தீங்களா? அப்ப வேணாங்க்கா. கோடு விழுந்துச்சுன்னா ரோடு தெரியாது.

— திருநீறு பூசாம இருந்தாப் போதும். இதுல மேல பூச்சு குடுத்தது, சாதா ஷீட்டு இல்ல.

— வெயில்ல மஞ்சளாயிரும்னும் சொல்றாங்களே.

— ஆகும், மூணு நாலு வருசங்கழிச்சு. அதுக்குள்ள நீ பத்து கப்பு வாங்கியிருப்ப.

— வேகத்துல காத்தடிச்சா உள்ள வளைஞ்சு வரும்ல?

— அதுக்குத்தான் நடுவுல உள்பக்கமா ரெண்டு பட்டைக் கம்பி குடுக்குறேன். ஸ்க்ரூ ஓட்டையக்கூட ஒரு சுத்து பெருசாப் போட்டிருக்கேன். ஏன்னு கேளு. மதுரை வெயில்ல இது வீங்கும். ஓட்டை இறுக்கமா இருந்தா வீங்க எடமில்லாம அந்த எடத்துல கீறிப் போகும். இதெல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கேன். வேற என்ன இருக்கு? கேளு.

— இல்லக்கா, எனக்குக் கண்ணாடியே போட்டுருங்க.

— ஏன்?

— பழகிருச்சு.

— ராஜகுரு, இன்னிக்கு என்ன கிழமை?

— புதன்.

— உனக்குக் கோயமுத்தூர்ல ரேஸு என்னிக்கு?

— ஞாயித்துக்கிழமை.

— இந்தப் பழைய எஸ்டீம் காருக்குக் கண்ணாடி மதுரையில எங்கயும் கிடையாது. சென்னையிலேர்ந்து வரணும். இன்னிக்குச் சொன்னா திங்கக்கிழமைதான் வரும். அது உனக்கும் தெரியும், போன தடவயும் சொன்னேன். அப்ப கண்ணாடி போட்டா ரேஸு இல்ல. இத மாட்டுனா இன்னிக்குச் சாயங்காலமே வண்டிய எடுத்துட்டுப் போகலாம். இப்பவும் கண்ணாடிதானா?

— என்ன செய்யக்கா. இந்தத் தடவ குடுத்து வைக்கலன்னு நினைச்சுக்கிறேன்.

— போன தடவயும் இதே வார்த்தையத்தான் சொன்ன. ஆடியில. அப்பவும் ரேஸுக்கு அஞ்சு நாளு இருக்கையிலதான் உடைஞ்சுச்சு.

— நேரம்.

— உன் நேரமா, என் நேரமா? ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா உனக்கு? பைபாஸ்ல ஒருத்தன் சொல்றான், பாண்டீஸ்வரி மாட்டுனா கண்ணாடி நிக்காது, பொம்பளை ஒட்டுன கண்ணாடி பொழுதோட போயிரும்னு. கெக்கெக்கேன்னு சிரிப்பு வேற. உங்கப்பா காலையில போன் பண்ணாரு. ஒரு எடத்துல மூணு தடவ உடைஞ்சா வேலையிலதாம்மா ஏதோ கோளாறுன்னாரு. மதியம் நேர்ல வாரேன்னிருக்காரு.

— அப்பா வாராரா? இங்கயா?

— இங்கதான். ஏன் மொகம் வெளுக்குது?

— ஒண்ணுமில்ல. வெயிலு.

— அப்ப நிழலுக்கு வா, உனக்கு ஒரு வித்தை காட்டுறேன். இந்த உடைஞ்ச கண்ணாடிகிட்ட உக்காரு. வெரல குடு. அந்த ஓட்டை மாதிரி இருக்குல்ல, அதுக்கு வெளிப்பக்கம் தடவு. என்ன தெரியுது?

— வழவழன்னு இருக்கு.

— இப்ப உள்பக்கம் தடவு.

— சொரசொரன்னு. குழி விழுந்திருக்கு.

— நகம் மாட்டுதா?

— மாட்டுது.

— முன்கண்ணாடிங்கிறது ஒத்தைக் கண்ணாடி இல்ல தம்பி. ரெண்டு கண்ணாடி, நடுவுல பசை மாதிரி ஒரு தாளு. எந்தப் பக்கம் அடி விழுகுதோ அந்தப் பக்கந்தான் குழி விழும். கல்லு ரோட்டுலேர்ந்து வந்திருந்தா குழி வெளிய இருக்கணும். இதுல உள்ள இருக்கு. அந்தக் கல்லு வண்டிக்குள்ள உக்காந்து வந்துச்சா?

— தெரியலக்கா.

— போன தடவ கழட்டுன கண்ணாடிதான் எங்கிட்ட இருக்கே, நேத்து அதையும் தடவிப் பாத்தேன். அதுலயும் உள்பக்கந்தான் குழி. ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் இடது பக்கமா, ரெண்டுலயும் ஒரே எடம். யாரு தம்பி உள்ள உக்காந்து உடைக்கிறது?

— வெளிய சொல்லிறாதீங்க.

— சொல்லு.

— கனகாதான்.

— கனகலட்சுமியா? உன் பொண்டாட்டியா?

— நான் ரேஸுக்குப் போறது அவளுக்குப் புடிக்கல. ரேஸ் தேதி வந்தாலே வீட்டுல சண்டை. கோவத்துல செஞ்சுட்டா. அதான் வெளிய சொல்ல முடியல.

— அப்ப உடையாத கண்ணாடிய உனக்குக் குடுக்குறேன்னா நீ துள்ளிக் குதிக்கணுமே. பொண்டாட்டி உடைக்க முடியாத கண்ணாடி வந்துருச்சுன்னு சந்தோசப்படணுமே. நீ எதுக்குத் திரும்பவும் உடையுறதையே கேக்குற?

— அக்கா...

— இன்னொன்னு சொல்லவா? விளக்குத்தூண்ல உங்க ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்குச் சேலை எடுக்க வந்தேன்ல, கனகாதான் பில்லு போட்டுச்சு. வலது கையாலதான் எழுதுச்சு. டிரைவர் சீட்டுல உக்காந்து வலது கையால அடிச்சா ஸ்டியரிங்குக்கு வலப்பக்கந்தான் விழும். இது இடப்பக்கம். நீ இப்ப அந்தத் துண்ட எந்தக் கையால அடிச்ச?

— அதுக்குத்தான் சுத்தியலக் குடுத்தீங்களா?

— சத்தியமா இல்ல. உடையாதுன்னு காட்டத்தான் குடுத்தேன். நீ இடது கையால வாங்குனத பாத்த பின்னாடிதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பாவம்டா அந்தப் புள்ள. அது மேல போயி பழியப் போட்டியே.

— தப்புத்தான். அவளைச் சொன்னா நம்பிருவீங்கன்னு வாயில வந்துருச்சு. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. யாருக்கும் தெரியாது.

— இந்தா, இந்தத் தண்ணியக் குடி. நான் உங்கப்பாவும் இல்ல, வாத்தியாரும் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கணும்னு கேக்குறேன். ஆசையா ஓட்டுற வண்டிய எவனாச்சும் சுத்தியலால அடிப்பானா?

— மொதக் கண்ணாடிய நான் உடைக்கலக்கா. அது நெசமாவே கல்லுதான். சித்திரையில, வாடிப்பட்டிகிட்ட, லாரியில ஏத்திக்கிட்டுப் போறப்ப அடிச்சுச்சு. வண்டிய அப்படியே திருப்பிக் கொண்டாந்தோம். ரேஸு போச்சுன்னு எங்கப்பா வழியெல்லாம் பொலம்பிக்கிட்டு வந்தாரு. நான் அன்னிக்கு ராத்திரி படுத்தேன் பாருங்க, அப்படி ஒரு தூக்கம். நாலு மாசங்கழிச்சு அப்பத்தான் முழுசாத் தூங்குனேன்.

— நாலு மாசம் தூங்கலையா? ஏன்?

— மார்கழியில ஒரு ரேஸு. மூணாவது வளைவுல வண்டி சுத்திருச்சு. எண்ணெயா என்னன்னு தெரியல. ப்ரேக் போடுறேன், கேக்கல. ஸ்டியரிங்கத் திருப்புறேன், கேக்கல. செவரு வருது. நான் செவத்துக்குப் போகலக்கா, செவரு என்னைப் பாத்து வருது. கண்ண மூடிக்கிட்டேன். தொறந்தப்ப வண்டி நிக்குது, செவத்துக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு சாண்.

— ஆத்தாடி. அடி கிடி?

— கீறல்கூட இல்ல. அதுதான் வினையே. கையி காலு ஒடிஞ்சிருந்தா, போதும்னு சொல்லியிருக்கலாம். ஒண்ணுமே ஆகலையே, என்னன்னு சொல்ல? திருப்பி எடுத்து ஓட்டி நாலாவதா வந்தேன். இறங்குனா எங்கப்பா ஓடி வந்து கட்டிப்புடிக்கிறாரு. என்ன ஓட்டு ஓட்டுனடா, செவத்துக்கு ஒரு சாண் விட்டுத் திருப்புனியேங்குறாரு. நான் வேணும்னே செஞ்சதா நினைச்சுட்டாரு. மறுநாள் கடை பூராம் சொல்லியாச்சு. தெப்பக்குளத்துல நடக்குறவங்க, சொந்தக்காரங்க, சேலை எடுக்க வர்றவங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் நான் எங்க போயி வாயத் தொறக்க?

— அதுக்குக் கண்ணாடிய உடைப்பியா? எஞ்சினு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்ல.

— எஞ்சின எங்கப்பாவே கூட நின்னு பாப்பாரு. ரெண்டு மெக்கானிக்கு வச்சிருக்காரு. ராவோட ராவாச் சரி பண்ணிருவாங்க. அஞ்சு நாளு ஆகுறது இந்தக் கண்ணாடி ஒண்ணுதான். அதக் கண்டுபுடிச்சதே உங்களாலதான், மொதத் தடவ நீங்கதான் சொன்னீங்க.

— அடப் பாவி. என் பேர வச்சே என் பேரக் கெடுத்திருக்க.

— மன்னிச்சிருங்கக்கா. எல்லாம் எங்கப்பா ஆசைக்கா. எனக்காக அவரு அம்புட்டு அலைஞ்சிருக்காரு. பன்னெண்டு வயசுல நான் சின்ன வண்டி ஓட்டப் பழகுனப்போலேர்ந்து, ஒரு ரேஸு விடாம கூட வந்து நிப்பாரு. அவரப் பாத்து, பயமா இருக்குப்பான்னு எப்படிச் சொல்ல? தயவு பண்ணி கண்ணாடிக்கே சொல்லிவிடுங்க. திங்கக்கிழமை வரட்டும்.

— அடுத்த ரேஸு எப்ப?

— தையில.

— தையில நாலாவதா ஒண்ணு உடைப்ப. அப்புறம் மாசியில. நான் மாட்டிக்கிட்டே இருக்கணும், ஊரு சிரிச்சுக்கிட்டே இருக்கணும். உடைக்க வேண்டியது கண்ணாடிய இல்லடா தம்பி. வாயத் தொற, அம்புட்டுத்தான். ஸ்கூட்டர் சத்தம் கேக்குது. உங்கப்பாவா பாரு.

— அவருதான். அக்கா, சொல்லிறாதீங்க. உங்களக் கும்புடுறேன்.

— வாங்கண்ணே, வாங்க. வெயில்ல வந்துட்டீங்க.

— வணக்கம் பாண்டீஸ்வரி. டேய் ராஜா, இந்தா, பைய வாங்கு. தேங்கா இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கு, திருநீறு இருக்கு. புதுக் கண்ணாடி மாட்டுன உடனே சுத்திப் போட்டுறணும். கண்ணு பட்டுருச்சும்மா எம் மகனுக்கு. இல்லாட்டி மூணு உடையுமா?

— அண்ணே, திருநீற மட்டும் உங்க நெத்தியோட வச்சுக்கங்க. இது பூசுனா கோடு விழுகுற சாமான்.

— இதென்ன புதுசா இருக்கு?

— பாலிகார்பனேட்டு. உடையாது. இன்னிக்கே மாட்டி, இன்னிக்கே ஓட்டலாம்.

— அப்படிப் போடு! அப்ப ஞாயித்துக்கிழமை போறோம். இந்த நாகசுப்பிரமணியன் மகன் இந்தத் தடவ விடமாட்டான். கேளும்மா பாண்டீஸ்வரி, மார்கழியில இவன் ஓட்டுனது சாதாரண ஓட்டா? மூணாவது வளைவுல வண்டி அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகுது. முன்னாடி செவரு. வேற ஒருத்தனா இருந்தா அலறியிருப்பான். இவன் ஒரு சாண், ஒரே ஒரு சாண் விட்டுத் திருப்புறான். கேலரி பூராம் எந்திரிச்சு நின்னுருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி.

— அம்புட்டு கெட்டிக்காரரா உங்க மகன்?

— பின்ன? ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. இந்தத் தடவயும் ஏதாச்சும் ஆச்சுன்னா வேற கடைதான் பாக்கணும். மூணு தடவ ஒரே கையி மாட்டி மூணும் நிக்கலன்னா, நாலு பேரு கேக்கத்தான செய்வாங்க. நான் வெளிய சொல்லமாட்டேன், ஆனா சொல்ற வாய நான் எப்படி மூட?

— நியாயந்தாண்ணே. என் வேலையில கோளாறுன்னா நான் தலை குனிஞ்சுக்கிறேன். ராஜகுரு, நீயே சொல்லு. என் வேலையில கோளாறா?

— அக்கா.

— எனக்குப் பதில் தெரியும். உங்கப்பாவுக்குத் தெரியணும். நான் சொல்லமாட்டேன். என் வாயால சொல்லணும்னா அவரு வந்து இறங்குன உடனேயே சொல்லியிருப்பேன்.

— என்னடா ராஜா? என்ன சொல்றாங்க இவங்க?

— தம்பி, நில்லு. இப்ப அவருகிட்ட எனக்குப் புரியாத பாசையில என்ன சொன்ன?

— ஒண்ணுமில்லக்கா. வீட்டுக்குப் போயிப் பேசுவோம்ப்பான்னு சொன்னேன்.

— உங்க வீட்டுப் பாசையில வேணாம். எனக்குப் புரியுற பாசையில சொல்லு. அப்பத்தான் நீ சொல்லிட்டியா இல்லையான்னு எனக்குத் தெரியும். மூணு கண்ணாடிக்கு என் தலை உருண்டிருக்கு, எனக்கு அந்த உரிமை இருக்கு.

— அப்பா.

— சொல்லுடா.

— கண்ணாடிய உடைச்சது நான்தான்ப்பா.

— எதை?

— இத. இதுக்கு முன்னாடி உள்ளதையும். ரெண்டையும் ஷெட்டுக்குள்ள, சீட்டுல உக்காந்து, சுத்தியலால உடைச்சேன். அக்கா வேலையில ஒரு கோளாறும் இல்ல.

— கிறுக்காடா உனக்கு?

— பயமா இருக்குப்பா. சீட்டுல உக்காந்து பெல்ட்டப் போட்டாலே மூச்சு முட்டுது. மூணாவது வளைவுல நான் திருப்பலப்பா. வண்டி தானாச் சுத்துச்சு, தானா நின்னுச்சு. நான் கண்ண மூடிட்டேன். கெட்டிக்காரத்தனமெல்லாம் இல்ல. அன்னிக்குச் செத்திருக்கணும்.

— அண்ணே, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தம்பி, அந்தப் பையக் கீழ வை. உங்கப்பாவுக்குத் தண்ணி குடு.

— அடிக்கணும்னா அடிங்கப்பா. திட்டுங்க.

— இம்புட்டு நாளும் ஏன்டா சொல்லல?

— எப்படிச் சொல்ல? வேற யாரும் சொல்லியிருந்தா, நீ என்னத்தக் கண்டன்னு கேட்டிருப்பேன். நீங்க கேலரியில நின்னு கண்ணால பாத்தவரு. பாத்த நீங்களே அத சாகசம்னு கடை பூராம் சொல்றப்ப, நான் போயி பயந்து செத்தேன்னு சொன்னா உங்களுக்குல்ல அசிங்கம்.

— நான் பாக்கலடா.

— எதப் பாக்கல?

— அந்த வளைவ.

— ஒரு சாண் விட்டுத் திருப்புனேன்னு அன்னிக்கே சொன்னீங்களே!

— அங்க கேலரியில டீ விக்கிறவரு சொன்னாரு. அவரு எந்திரிச்சு நின்னு கை தட்டுனாராம். நல்லதாத்தான் இருக்கும்னு நானும் அப்படியே சொன்னேன்.

— அண்ணே, அப்ப நீங்க எங்கதான் இருந்தீங்க?

— பன்னெண்டு வயசுலேர்ந்து எம் மகன் ஆசைப்பட்டது, நம்ம பயம் அவனுக்குத் தெரிஞ்சிறக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்ம்மா. நீ ஓட்டுன ஒரு ரேஸக்கூட நான் பாத்ததில்லடா ராஜா. கொடி அசைச்ச உடனே கக்கூஸுக்குள்ள போயி, கதவச் சாத்தி, வண்டிச் சத்தம் கேக்காம இருக்கக் குழாயத் தொறந்துவிட்டு உக்காந்திருப்பேன்.